அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: கூடப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 64 வயது. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிற வலி. டாக்டர் முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். 2016-ல் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது ராடு வைத்தார்கள். 2021-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ராடு வைத்ததற்கான பேப்பர் எதுவும் இப்போது கையில் இல்லை. அம்மா தாலியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். அந்தக் குழாய்க்குள் தனியாகப் படுக்கவும் பயப்படுகிறார். அதனால் நானே கூட நிற்கலாம் என்று நினைக்கிறேன். மெஷின் ஓடாத நேரத்தில் உள்ளே போய் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, முடிந்ததும் போய்த் தூக்கி வந்துவிட்டால் ஆபத்து இல்லைதானே? கதிர்வீச்சு அதிகம் என்று சொந்தக்காரர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கதிர்வீச்சு பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் உள்ள கதிர்வீச்சு எம்.ஆர்.ஐ.யில் கிடையாது. காந்தமும் ரேடியோ அலைகளும்தான் இதில் வேலை செய்கின்றன. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. "மெஷின் ஓடாத நேரத்தில் உள்ளே போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. அறையில் அப்படி ஒரு நேரமே கிடையாது.

அந்த உருளைக்குள் இருப்பது கம்பிச்சுருளால் ஆன மின்காந்தம். திரவ ஹீலியத்தால் அதைக் கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை என்பதே இருக்காது. ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஞாயிற்றுக்கிழமை, நடுராத்திரி, விளக்கெல்லாம் அணைத்துப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அது அதே பலத்தோடுதான் இருக்கும். ஸ்கேன் எடுக்கும்போது கேட்கும் 'டக் டக்' சத்தம் வேறு சுருள்களிலிருந்து வருவது. அந்தச் சத்தம் நின்றால் படம் எடுப்பது நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பலம் எவ்வளவு என்றால், நம் ஊர் சென்டர்களில் இருப்பவை பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு). 1.5 டெஸ்லா என்பதே பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். இதில் ஏமாற வைக்கிற ஒரு விஷயம் உண்டு. இப்போதைய மெஷின்களில் காந்தப்புலம் வெளியே பரவாதபடி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் கதவருகே நிற்கும்போது பையில் இருக்கும் சாவி லேசாகக்கூட அசையாது. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டு எட்டு வைப்பீர்கள். உருளையின் வாயை நெருங்க நெருங்க இழுப்பு திடீரென்று ஏறும். கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைப்பதற்குள் பொருள் போய் ஒட்டியிருக்கும். நடுவில் யாராவது நின்றால் அவர்மேல் மோதிவிட்டுத்தான் போகும்.

மும்பை நாயர் மருத்துவமனையில் 2018 ஜனவரியில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். 32 வயது இளைஞர் ஒருவர், உறவுக்காரப் பெண்மணியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன இடத்தில், ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மெஷின் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தினர் பிறகு தெரிவித்தார்கள். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் காந்தம் இழுத்தது. உயிர் பிழைக்கவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவில், நியூயார்க் அருகே வெஸ்ட்பரி என்ற ஊரில், ஒரு பெண்மணிக்கு முழங்கால் ஸ்கேன் முடிந்திருந்தது. எழுந்திருக்க உதவிக்காக வெளியில் இருந்த கணவரைக் கூப்பிட்டார். உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் கிட்டத்தட்ட 9 கிலோ எடையுள்ள சங்கிலி போட்டிருந்த அவர் உள்ளே வந்தார். மறுநாள் இறந்துபோனார்.

இந்த இரண்டு பேரும் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் அல்ல, கூட வந்தவர்கள். நோயாளியிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம், படிவம் நிரப்புகிறோம், உடை மாற்றச் சொல்கிறோம். கூட வருகிறவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, சிலிண்டரைப் பிடிப்பது, நோயாளியைத் தூக்கி மாற்றுவது என்று வார்டு வேலை பாதியை வீட்டு ஆள்தான் செய்கிறார். "கொஞ்சம் பிடிங்க சார்" என்று யாராவது சொன்னால், அம்மாவுக்காகத்தானே என்று நாமும் ஓடிப்போய்ப் பிடிப்போம். அதனால் அம்மாவின் ராடைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

நீங்கள் லேத்தில் வேலை செய்கிறவர். எத்தனையோ தடவை கண்ணில் பொடி விழுந்திருக்கும். கண்ணாடி போடாமல் கிரைண்டிங் சக்கரத்தில் டூல் தீட்டிய நாட்கள் இருந்திருக்கும். பட்டறையில் அப்படி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் துண்டு நுனியைத் திருகி எடுத்துவிடுவார், தண்ணீர் அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். அப்படி எடுத்ததில் ஒரு மிகச் சிறிய இரும்புத் துணுக்கு கண்ணுக்குள்ளேயே தங்கிப்போயிருக்கலாம். வலிக்காமல், பார்வையைக் கெடுக்காமல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்தக் கண்ணோடு காந்தத்தின் அருகே போனால் துணுக்கு நகரலாம், உள்ளே கிழித்து ரத்தம் கசியலாம். இப்படி ஒரு நோயாளிக்கு ஸ்கேனுக்குப் பிறகு ஒரு கண்ணில் பார்வையே போனதை அமெரிக்க நரம்புக் கதிரியக்க மருத்துவ இதழ் 1986-லேயே பதிவு செய்திருக்கிறது. அதனால்தான் வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை செய்கிறவர்களிடம் கண்ணில் எப்போதாவது இரும்பு விழுந்ததா என்று கேட்கிறோம். சந்தேகம் இருந்தால் முதலில் கண் பகுதிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவோம். இந்தக் கேள்வி ஸ்கேனுக்குப் படுப்பவருக்கு மட்டும் உரியதல்ல. உள்ளே நிற்கப் போகிறவருக்கும் அதே காந்தம்தான்.

என் யோசனை, நீங்கள் வெளியில் இருங்கள். வீட்டில் மனைவியோ தங்கையோ வேறு யாராவது இருந்தால், கர்ப்பமாக இல்லாதவர், உடம்பில் எந்தக் கருவியும் பொருத்தாதவர், அவர் உள்ளே நிற்கட்டும். ஸ்கேன் நடக்கும் நேரத்தில் கர்ப்பிணிகள் உள்ளே துணைக்கு நிற்பதைத் தவிர்க்கச் சொல்கிறோம். வேறு ஆளே இல்லை, நீங்கள்தான் நிற்க வேண்டும் என்றால், 'நான் லேத் வேலை செய்கிறேன், கண்ணில் இரும்பு விழுந்திருக்கிறது' என்று டெக்னீஷியனிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுங்கள். அம்மாவுக்குத் தரும் அதே படிவத்தை உங்களுக்கும் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

அன்றைக்குப் பட்டறையிலிருந்து நேராக வரவும் வேண்டாம். தலைமுடியில், சட்டை மடிப்பில், முக்கியமாக ஷூவின் அடிப்பக்கத்தில் பிசிறும் சுருளும் குத்திக்கொண்டு நிற்கும். சேஃப்டி ஷூ என்றால் முன்பக்கத்தில் இரும்புத் தகடே இருக்கும். குளித்து, துவைத்த துணி போட்டு, சாதாரணச் செருப்போடு வாருங்கள். பேண்ட் பாக்கெட்டில் அலன் கீ, ட்ரில் பிட் என்று என்னென்ன கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். போன், சாவி, பெல்ட், வாட்ச் எல்லாம் லாக்கருக்குப் போக வேண்டும். ஏ.டி.எம். கார்டின் காந்தப் பட்டையும் அழிந்துவிடும்.

வெளியில் இருக்கும்போது இன்னொன்று. முடிந்ததும் அம்மா உங்களைக் கூப்பிடுவார். கதவு திறந்திருக்கும், குரல் கேட்கும், உங்களுக்குக் கால் தானாகவே நகரும். வெஸ்ட்பரியில் நடந்தது அந்த நிமிடத்தில்தான். ஸ்கேன் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் எல்லாருக்கும் கவனம் தளர்ந்திருக்கும். "முடிந்ததும் என்னைக் கூப்பிடாதீர்கள், அவர்களே உங்களை வெளியே கொண்டுவந்து விடுவார்கள்" என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீல்சேரோ, ஸ்ட்ரெச்சரோ, சிலிண்டரோ உள்ளே கொண்டுவரச் சொல்லி வார்டு ஆள், காவலாளி, கூட்டத்தில் நிற்கிற யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டெக்னீஷியன் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். காந்தத்தில் ஒட்டாத வீல்சேரும் அலுமினிய சிலிண்டரும் தனியாக உண்டு, அவற்றைத்தான் உள்ளே எடுத்துப்போவார்கள். ஏதாவது பொருள் மெஷினில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால் அதை இழுக்கப் போகாதீர்கள். விலகி நின்று டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது அம்மா.

தொடை எலும்புக்குள் வைக்கும் ராடு டைட்டானியமாக இருக்கும், இல்லையென்றால் அறுவை சிகிச்சைக்கென்றே செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கும். உங்கள் பட்டறையில் காந்தத்தில் ஒட்டுகிற எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருடத்தில் எலும்போடு சேர்ந்து உறுதியாகவும் உட்கார்ந்திருக்கும். இதை வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுப்பது எங்களுக்கு வழக்கமான ஒன்றுதான். ராடைச் சுற்றிப் படம் கெடும், ஆனால் இடுப்புத் தண்டுவடம் அதிலிருந்து தள்ளி இருப்பதால் நமக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும். தொடையில் சூடு தெரிந்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும். பேப்பர் இல்லை என்பதற்காக மறைக்கவோ, 'ஒன்றும் வைக்கவில்லை' என்று எழுதவோ வேண்டாம். தொடை எக்ஸ்ரே பழையது இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுத்தால் போதும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் ஷீட்டைத் தேடித்தரச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். வைத்த பொருளின் ஸ்டிக்கரை அதில் ஒட்டிவைக்கிற வழக்கம் உண்டு.

ஸ்டென்ட்டும் தடையில்லை. இப்போது இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுகளை 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யலாம். ஸ்டென்ட் கார்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. வைத்தது ஸ்டென்ட்தான், பேஸ்மேக்கர் இல்லை என்பதை மட்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் பலர் இரண்டையும் 'ஹார்ட்ல மெஷின் வச்சிருக்கு' என்று ஒரே மாதிரி சொல்லிவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் என்றால் தோள்பட்டைக்குக் கீழே மார்புத் தோலுக்கு அடியில் கையால் தொட்டாலே ஒரு மேடு தெரியும். அது இருந்தால் கதையே வேறு. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் 2011-க்குப் பிறகு பரவலாக வந்துவிட்டன என்றாலும், எந்த மாடல் என்று தெரிந்து, இதய டாக்டர் அதன் அமைப்பை மாற்றிக் கொடுத்து, கூட இருந்து கண்காணித்துத்தான் எடுக்க வேண்டும். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி இவையும் எது என்று தெரியாமல் எடுக்கக் கூடாதவை. இன்சுலின் பம்ப் இருந்தால் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். பழைய மூளைக் கிளிப்புகளில் காந்தத்தில் ஒட்டுபவை இருந்தன. அது நகர்ந்து உயிரே போன சம்பவமும் உண்டு. ஆவணம் இல்லாமல் அதை யாரும் தொட மாட்டார்கள்.

படிவத்தை அம்மாவுக்காக நீங்கள் நிரப்பினால் சில விஷயங்கள் விட்டுப்போகும். மகனுக்குத் தெரியாதவை அம்மாவின் உடம்பில் இருக்கலாம். சின்ன வயதில் போட்ட காப்பர்-டி எடுக்காமலே இருக்கிற அம்மாக்கள் உண்டு. செம்பு காந்தத்தில் ஒட்டாது என்பதால் அது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனாலும் எங்களுக்குத் தெரிய வேண்டும். மனைவியையோ தங்கையையோ விட்டுத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் பல் செட், காது மெஷின், வலிக்கு உடம்பில் ஒட்டியிருக்கும் மருந்துப் பட்டை, இதெல்லாமும் அவர்களிடம் கேட்டுத்தான் தெரியும். மருந்துப் பட்டைகள் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அலுமினியப் படலம் இருக்கும். தோலில் ஒட்டியிருக்கும்போது அது சூடாகிப் புண்ணாகலாம்.

தாலி. இதில் அம்மாவோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் கழுத்தைச் சுற்றி மூடிய வளையமாகக் கிடக்கும் எந்த உலோகமும் ரேடியோ அலைகளில் சூடாகலாம். தாலிக்கொடியை எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பெரும்பாலான வீடுகளில் அவசரத்துக்கு ஆகட்டும் என்று இரண்டு மூன்று ஊக்கு அதில் மாட்டியிருக்கும். ஊக்கு இரும்பு. காந்தத்தின் அருகே போனதும் அது அம்மாவின் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு கொடியைக் கழற்றிவைப்பது பெரிய ஆபரேஷன் நேரங்களில் பல பெண்கள் செய்வதுதான். அதை ஸ்கேன் சென்டர் வராந்தாவில், நாலு பேர் பார்க்க, 'சீக்கிரம் சீக்கிரம்' என்று அவசரப்படுத்திச் செய்ய வைக்காதீர்கள். காலையில் வீட்டில், சாமி முன்னால் நின்று, அப்பா கையாலேயே கயிற்றைக் கட்டிவிடச் சொல்லுங்கள். பிடிவாதம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

மூக்குத்தித் திருகு வருடக்கணக்கில் இறுகியிருக்கும். முந்தின நாளே நகை ஆசாரியிடம் காட்டித் தளர்த்திக்கொள்ளுங்கள். மெட்டி கழலவில்லை என்றால் தேங்காய் எண்ணெயோ சோப்போ தடவிப் பார்க்கலாம். எதுவுமே ஆகவில்லை என்றால் வெட்ட வேண்டாம், அப்படியே வந்து சொல்லுங்கள். தாயத்து, அரைஞாண் கொடி, கொண்டை ஊசி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வயதானவர்கள் ஜாக்கெட் ஹூக் போன இடத்திலும் புடவை மடிப்பிலும் ஊக்கு குத்தியிருப்பார்கள், இடுப்புச் சுருக்குப் பையில் சில்லறை இருக்கும். ஜரிகைப் புடவையும் வேண்டாம். சென்டரில் தரும் உடைக்கு மாறச் சொன்னால் கூச்சப்படாமல் மாறச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. என்றாலே சிலிண்டர் பறக்கிற செய்திதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. ஆனால் நோயாளிகளுக்கு நேர்வதாக அதிகம் பதிவாவது தீப்புண். கம்பி தோலில் பட்டோ, தோலோடு தோல் உரசி மின்சாரம் சுற்றி வர வழி கிடைத்தோ அந்த இடம் வெந்துபோகும். அம்மா பயத்தில் கைகளைக் கோத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார், இல்லையென்றால் சாமியை நினைத்துக் கும்பிட்டபடி படுத்திருப்பார். இரண்டிலும் கைகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. கைகள் பக்கவாட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும், தொடைகளுக்கு நடுவில் டெக்னீஷியன் பஞ்சுத் திண்டோ துணியோ வைப்பார், அதை நகர்த்தக் கூடாது. சாமியை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அதை அழுத்தினால் வெளியில் மணி அடிக்கும். எங்காவது சுடுகிறது, குத்துகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அழுத்த வேண்டும். நம் அம்மாக்கள் எதையும் பொறுத்துக்கொண்டே பழகியவர்கள். 'இன்னும் கொஞ்ச நேரம்தானே, எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது' என்று சூட்டையும் பொறுத்துக்கொள்வார். அப்படிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று நீங்கள் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதில் பஞ்சோ மூடியோ கண்டிப்பாக வைக்க வேண்டும். உள்ளே துணைக்கு நிற்பவருக்கும் கேட்டு வாங்குங்கள். இடுப்பு ஸ்கேன் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலைப்பக்கம் துணைக்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டு பலர் தைரியமாக இருந்துவிடுகிறார்கள்.

முதுகுவலிக்கு எடுக்கும் ஸ்கேனில், படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் ஊசி மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கு நேரம் வாங்குவதற்கு முன்பே சென்டருக்கு ஒரு போன் செய்து, தொடையில் ராடு, இதயத்தில் ஸ்டென்ட், ராடுக்குப் பேப்பர் இல்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். ரேடியாலஜிஸ்ட் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு தேதி வாங்கினால், மஞ்சள் கயிறெல்லாம் கட்டித் தயாராகி வந்த அம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வராது. கண் எக்ஸ்ரே தேவையென்றால் உங்களுக்கும் அன்றைக்கே எடுத்துவிடலாம்.